வீட்டுக் கணக்கு: பனிமலைக்குப் போகும் செலவு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. பனியிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்வதற்கு அவர்களுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் அதையும் சொல்லியே இருப்பார்கள். ஏனெனில், மேல் நாட்டுக் குடும்பஸ்தன் ஒருவன் தன் மனைவி மக்களுடன் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக்குப் போய்ப் பனியில் சறுக்கி விளையாடிவிட்டுத் திரும்புவதற்குள் அவனுடைய பணம் சறுக்குகிற வேகம் இருக்கிறதே, அதற்கு முன்னால் அவனுடைய ஸ்கீக் கட்டைகள் சறுக்குகிற வேகம் ஒன்றுமே இல்லை.

வீட்டு வரவு செலவைப் பற்றி எழுதுகிற இந்தப் பகுதியில் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் சம்பளம் இவற்றை விட்டுவிட்டு அயல் நாட்டுப் பனிமலைக்கு ஏன் போக வேண்டும் என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது பதில் இது: ஒரு குடும்பம் தன் வயிற்றுக்குச் செலவு செய்யும்போது அதற்குப் பெரிய யோசனை தேவையில்லை, பசியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். சந்தோஷத்துக்குச் செலவு செய்யும்போதுதான் அந்தக் குடும்பத்தின் புத்தியும் குணமும் வெளிப்படுகின்றன. இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம் பிரான்ஸ் தேசத்துப் பனிமலைக்குப் போகத் திட்டம் போடும் விதத்தைப் பார்த்தோமானால், கல்யாணமோ, தீர்த்த யாத்திரையோ, எந்தப் பெருஞ்செலவுக்கும் பயன்படுகிற பாடம் அதில் கிடைக்கும். அதோடு, உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்களின் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்றும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்வோம்.

பிரபுக்களின் விளையாட்டு

முதலில் கொஞ்சம் சரித்திரம். குளிர்காலத்தில் மலைக்குப் போய் விளையாடுவது என்கிற வழக்கம் புராதனமானதல்ல. ஸ்விட்ஜர்லாந்திலுள்ள ஸென்ட் மோரிட்ஸ் என்னும் ஊரில் ஹோட்டல் நடத்திய யோஹன்னஸ் பாத்ருட் என்பவர், 1864-ஆம் வருஷத்தில் தம்மிடம் கோடையில் வந்து தங்கிய இங்கிலீஷ்காரர்களிடம் ஒரு பந்தயம் கட்டினார் என்று கதை வழங்குகிறது. "குளிர்காலத்திலும் வாருங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் போக்குவரத்துச் செலவு என்னுடையது" என்றாராம். வந்தவர்கள் வெயிலில் கறுத்து, குதூகலத்தோடு ஊர் திரும்பினார்களாம். செலவைப் பற்றிய ஒரு பந்தயத்தோடுதான் இந்த உல்லாசமே ஆரம்பமாயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு 1894-இல், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில், டாவோஸ் என்னும் ஊரிலிருந்து மலைக் கணவாயைத் தாண்டி அரோஸா என்னும் ஊருக்கு ஸ்கீக் கட்டைகளைக் கட்டிக்கொண்டே போனார். அந்த அனுபவத்தை ஒரு லண்டன் பத்திரிகையில் நகைச்சுவையோடு எழுதவும் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸர் ஹென்றி லன் என்பவர், இங்கிலாந்தின் உயர்தரப் பள்ளிகளில் படித்தவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, ஹோட்டல்களை மொத்தமாக வாடகைக்குப் பேசி, கூட்டம் கூட்டமாக அவர்களை ஸ்விட்ஜர்லாந்துக்கு அழைத்துப் போனார்.

இந்த ஹென்றி லன் அதற்கு முன் பாதிரி வைத்தியராக நம் நாட்டுக்கு வந்தவர். அவருடைய மகன் ஆர்னால்ட் லன் 1888-இல் பிறந்தது நம் சென்னைப் பட்டணத்தில்! 1922-இல் மியூரன் என்னும் ஸ்விஸ் கிராமத்தில், கொடிக்கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தை இன்றைய முறையில் அமைத்துக் கொடுத்தவர் அவரே. பனியையே காணாத பட்டணத்தில் பிறந்த குழந்தை உலகத்துக்குப் பனியில் பந்தயம் கற்றுக் கொடுத்தது விந்தைதான். அந்நாளைய ஸ்கீப் பந்தயம் ஒன்றின் கோப்பைக்குக் காந்தஹார் என்று பெயர். ஆப்கானியர்மேல் படையெடுத்த ராபர்ட்ஸ் பிரபுவின் பட்டப் பெயர் அது. ஒரு தேசத்தாருக்குக் குண்டு மழையாக வாய்த்தது மற்றொரு தேசத்தாருக்கு விளையாட்டுக் கோப்பையாக வாய்த்தது. ஏகாதிபத்தியத்தின் வரவு செலவு அப்படி! அதை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.

ஆக, இது பிரபுக்களின் விளையாட்டாக ஆரம்பித்தது. அதைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டு வந்து சேர்த்தவை இரண்டு. ஒன்று, சம்பளத்தோடு கூடிய விடுமுறை. பிரான்ஸ் தேசத்தில் 1936-ஆம் வருஷம் தொழிலாளர் அனைவருக்கும் இரண்டு வாரம் அப்படிச் சட்டபூர்வமாகக் கிடைத்தது. 1982-இல் அது ஐந்து வாரமாயிற்று. மற்றொன்று, பள்ளிக்கூடம். 1953-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள வான்வ் என்னும் சிற்றூரிலிருந்து ஒரு வகுப்புக் குழந்தைகள் தங்கள் உபாத்தியாயரோடு ஸவுவா மலைப் பிரதேசத்துக்குப் போனார்கள். ஒரு வேளை பாடம், ஒரு வேளை பனியில் விளையாட்டு. பட்டணத்துப் புகையில் வாடிய குழந்தைகளின் தேகம் தேற வேண்டும் என்பதே நோக்கம். "பனி வகுப்பு" என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு நாடு முழுவதும் பரவியது. பணக்காரன் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையும் ஒரே சரிவில் விழுந்து எழுந்தார்கள். நாளடைவில் செலவு ஏறியதால் அவ்வகுப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்பது வருந்தத் தக்கது.

மாதிரிக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். தகப்பனார், தாயார், பத்து வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன் என்று நால்வர் அடங்கிய குடும்பம். ஊர் லண்டனுக்கு அருகில். காலம், பிப்ரவரி மாதத்தின் நடுவில் பள்ளிக்கூடங்களுக்கு விடப்படும் ஒரு வார விடுமுறை. போகிற இடம் பிரெஞ்சு ஆல்ப்ஸ். சொந்த மோட்டாரிலேயே போய், சமையலறையோடு கூடிய ஒரு சிறு ஜாகையில் ஏழு இரவு தங்குவதாக உத்தேசம். கீழே காட்டும் தொகைகள் எந்தக் கம்பெனியின் விலைப் பட்டியலும் அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்ட மாதிரித் தொகைகளே.

ஜாகை வாடகை 1,600 பவுன். கடலடிச் சுரங்கம் அல்லது கப்பல் கட்டணம், பெட்ரோல், சாலைச் சுங்கம் எல்லாம் சேர்ந்து 650. மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பி வண்டிகளில் ஆறு நாள் ஏறுவதற்கு நாலு பேருக்கும் சீட்டு 1,150. ஸ்கீக் கட்டை, பூட்ஸ், தலைக்கவசம் இவற்றின் வாடகை 400. குழந்தைகள் இருவருக்கும் ஆறு நாள் அரைநாள் பயிற்சி 400. சாப்பாடு 500. இன்ஷூரன்ஸ் 100. குளிருக்கு வேண்டிய உடை 200. ஆக 5,000. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு, 500. கூடுதல் 5,500 பவுன்.

இந்தக் கணக்கில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது என்ன? விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் தெரிவது ஜாகை வாடகையான 1,600 மட்டுமே. அதைப் பார்த்து, "பரவாயில்லையே!" என்று கையெழுத்துப் போட்ட குடும்பம் கடைசியில் அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டு வருகிறது. கடற்கரைக்குப் போனால் கடல் இனாம். மலையிலோ பனி மட்டுந்தான் இனாம்; அதன் மேல் நிற்பதற்கும், ஏறுவதற்கும், இறங்கக் கற்பதற்கும், விழுந்தால் தூக்குவதற்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. ஆகவே, முதலில் மொத்தத்தைக் கண்டுபிடி. பிறகு ஜாகையைத் தேடு. எந்தப் பெருஞ்செலவுக்கும் முதல் விதி இது. பந்தல்காரனிடம் பேரம் பேசி ஜயித்துவிட்டு, மற்றச் செலவுகளில் மூழ்கிப் போகிற கல்யாண வீடுகளை நாம் பார்த்ததில்லையா?

இரண்டாவது விதி, பணத்தைப் பின்னால் தேடாமல் முன்னால் சேர்ப்பது. 5,500 பவுனை மார்ச்சு முதல் ஜனவரி முடிய உள்ள பதினொரு மாதத்தால் வகுத்தால் மாதம் 500 பவுன் வருகிறது. அந்த 500-ஐ ஒவ்வொரு மாதமும் தனியே எடுத்து வைக்க முடிகிற குடும்பம் போகலாம். முடியாத குடும்பம் இந்த வருஷம் போகக் கூடாது, அல்லது கணக்கைச் சுருக்க வேண்டும். இதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை. கடன் அட்டையில் ஏற்றிவிட்டு, பனி உருகிய பின் கோடை முழுவதும் வட்டி கட்டுவது புத்திசாலித்தனமல்ல. தவணை தேதிகளையும் மறக்கலாகாது. ஜாகைக்கும் பிரயாணத்துக்கும் உரிய பாக்கியைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கட்ட வேண்டியிருக்கும். நமது மாதிரிக் குடும்பத்துக்கு நவம்பர் முடிவில் 4,500 பவுன் சேர்ந்திருக்கும். அப்போது கேட்கப்படும் தொகை 2,250. ஆகவே பயமில்லை.

மூன்றாவது, நாணய மாற்று. சம்பளம் பவுனில் வருகிறது. கம்பி வண்டிச் சீட்டும் ரொட்டியும் யூரோவில் வாங்க வேண்டும். மாற்று விகிதம் நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. 2015-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் காப்பாற்றி வந்த வரம்பை ஸ்விஸ் தேசீய பாங்கு திடீரென்று கைவிட்டது. அன்றே ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய ஒரு பிராங்க் என்ற நிலை வந்துவிட்டது. ஸ்விட்ஜர்லாந்துக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அயல் நாட்டுக் குடும்பங்களின் செலவு, ஒரு ரொட்டித் துண்டு கூட அதிகமாகச் சாப்பிடாமலே, ஒரே நாளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது! ஆதலால் அன்றைய விகிதத்தைவிடக் கொஞ்சம் பாதகமான விகிதத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும். ஸர்க்காரே குறுக்கிட்ட காலமும் உண்டு. 1966 முதல் 1970 வரையில் பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் உல்லாசப் பிரயாணத்துக்காக அயல் நாட்டு நாணயமாக வருஷத்துக்கு 50 பவுனுக்கு மேல் பெற முடியாது. அந்த ஐம்பதுக்குள் ஆல்ப்ஸ் போய் வந்த சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள்.

எங்கே சிக்கனம், எங்கே கூடாது

சிக்கனம் என்பது எல்லாவற்றிலும் கொஞ்சங் கொஞ்சம் கிள்ளுவதல்ல; தேவையற்றதை முழுவதும் விட்டுவிட்டு, தேவையானதற்கு முழுவதும் கொடுப்பதே சிக்கனம்.

முதல் தடவை போகிறவர்களுக்குப் பெரிய மலைத்தொடர் தேவையில்லை. மூன்று பள்ளத்தாக்குகள் என்று பெயர் பெற்ற பிரெஞ்சுப் பிரதேசத்தில் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருக்கிறதென்று விளம்பரம் செய்கிறார்கள். அங்கே பெரியவர் ஒருவருக்கு ஆறு நாள் சீட்டு சுமார் 400 யூரோ ஆகிறது. புதிதாகப் பழகுகிறவர் அந்த 600 கிலோமீட்டருக்கும் பணம் கொடுத்துவிட்டு, ஆறு நாளும் ஒரே நூறு அடி மேட்டில் விழுந்து விழுந்து எழுந்திருப்பார்! புதியவர்கள் பழகும் சிறு மேடுகளில் பல ஊர்களில் கம்பி வண்டி இனாம். இல்லாவிட்டாலும் அதற்கென்று குறைந்த விலைச் சீட்டு உண்டு. முதல் இரண்டு நாளுக்கு அது போதும். மிகச் சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலான பிரெஞ்சு மலையூர்களில் சீட்டுக் காசே இல்லை. பிரிட்டனிலேயே செயற்கைச் சரிவுகள் இருக்கின்றன. எடின்பரோவுக்கு அருகில் ஹில்லெண்ட் என்னும் இடத்தில் உள்ளது பிரசித்தமானது. புறப்படுவதற்கு முன் இரண்டொரு தடவை அத்தகைய சரிவில் நிற்கப் பழகிக்கொண்டால், மலையில் விலை உயர்ந்த முதல் நாளை வீணாக்க வேண்டியதில்லை.

வளரும் பிள்ளைகளுக்கு உடையும் பூட்ஸும் புதிதாக வாங்குவது தெண்டம். அடுத்த வருஷம் கால் நுழையாது. வாடகைக்கு எடுக்கலாம், மாமன் மக்கள், சிற்றப்பன் மக்கள் போட்டுக் கழித்ததையும் வாங்கிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் நார்வே தேசத்தாரைப் பாராட்டத்தான் வேண்டும். பூஆ என்னும் ஏற்பாட்டின் மூலம், புத்தகசாலையிலே புத்தகம் இரவல் கொடுப்பது போல, ஊர் ஊராக ஸ்கீக் கட்டைகளை இனாமாக இரவல் கொடுக்கிறார்கள். ஏழைப் பிள்ளை என்பதற்காக ஒருவனும் பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

சாப்பாட்டு விஷயத்தில், மலை உச்சி ஹோட்டலில் நாலு பேர் உட்கார்ந்தெழுந்தால் கீழே இரண்டு நாள் சமையலுக்கு ஆகிற பணம் போய்விடும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதில் அகௌரவம் ஒன்றுமில்லை. பிரெஞ்சு மலையூர்கள் பலவற்றில் கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துச் சாப்பிடுவதற்கென்றே பொது அறை அமைத்திருக்கிறார்கள். ஒரு வேளை மட்டும் குழந்தைகளுக்கு மேலே சூடான சாக்கலேட் வாங்கிக் கொடுக்கலாம். தினமும் கிடைப்பது பழக்கம். ஒரு நாள் கிடைப்பதுதான் விருந்து.

சிக்கனம் கூடாத இடங்கள் மூன்று. ஒன்று, குழந்தைகளின் பயிற்சி. "நானே கற்றுக் கொடுக்கிறேன்" என்று கிளம்பும் தகப்பனார் பெரும்பாலும் குழந்தைக்குப் பயத்தையும் தமக்கு இடுப்பு வலியையும் கற்றுக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார். இரண்டு, தலைக்கவசம். இத்தாலியில் 2025 நவம்பர் முதல் வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அதைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. மூன்று, இன்ஷூரன்ஸ். பிரிட்டிஷ் பிரஜைகளிடமுள்ள ஆரோக்கிய அட்டை ஐரோப்பாவில் ஸர்க்கார் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு உதவுமே தவிர, மலையிலிருந்து தூக்கி வருவதற்கோ ஊருக்குக் கொண்டு வந்து சேர்ப்பதற்கோ உதவாது. பிரான்ஸில் சறுக்குப் பாதையிலிருந்து இறக்கி வரும் செலவை அடிபட்டவரிடமே கேட்கலாம். சாதாரணப் பிரயாண இன்ஷூரன்ஸில் பனி விளையாட்டு பெரும்பாலும் அடங்குவதில்லை. தனியே சேர்க்கச் சொல்ல வேண்டும். இத்தாலியிலோ, பிறருக்கு விளைவிக்கும் நஷ்டத்துக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் 2022 முதல் சரிவில் இறங்கவே கூடாது. மோட்டாரில் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு மலைப் பிரதேசங்களில் நவம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச்சு முடிய, பனிக்கால டயராவது சக்கரச் சங்கிலியாவது இருந்தாக வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது பனிக்கும் பொருந்தும்.

எந்த வாரம்?

இனி, ஆரம்பத்தில் சொன்ன உறுத்தல் விஷயம். மேற்கண்ட கணக்கில் மிகப் பெரிய தொகையை நிர்ணயிப்பது ஜாகையுமல்ல, மலையுமல்ல, பஞ்சாங்கம்! பள்ளி விடுமுறை வாரத்தில் 1,600 பவுன் கேட்கிற அதே ஜாகை மற்றொரு வாரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் என்ன யோசிப்பார்கள்? "பள்ளிக்கு ஒரு வாரம் மட்டம் போட்டால் என்ன?" என்றுதான்.

இங்கிலாந்தில் இதற்கு அபராதம் உண்டு. 2024 ஆகஸ்டு முதல் அமலிலுள்ள விதிப்படி, அனுமதியின்றி ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாவிட்டால், ஒரு குழந்தைக்காக ஒரு பெற்றோருக்கு 80 பவுன் வரை விதிக்கலாம். இருபத்தொரு நாளில் கட்டாவிட்டால் அது 160 ஆகும். மூன்று வருஷத்துக்குள் இரண்டாந்தடவையானால் எடுத்த எடுப்பிலேயே 160. மூன்றாந்தடவையானால் கோர்ட்டுக்கும் போகலாம். இரண்டு பெற்றோர், இரண்டு குழந்தைகள் என்றால் நாலு எண்பது, 320 பவுன். வாடகையில் மிச்சம் 800, அபராதம் 320, போக லாபம் 480! இப்படிக் கூட்டிக் கழித்துவிட்டுப் புறப்படுகிற குடும்பங்கள் அநேகம். அபராதமும் பிரயாணச் செலவுகளில் ஒன்றாகப் போய்விட்டது. ஒரு தகப்பனார் இதே விஷயத்தில் வழக்காடி, 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரையில் போனார். ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது என்றால் பள்ளியின் விதிப்படி வருவதுதான் என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

இருபது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் எவருக்கும் ஒன்று தெரியும். ஐந்து நாள் வராத பையன் பின்னத்தில் வகுத்தலைத் தவறவிட்டால், அந்த ஓட்டை ஐந்து நாளில் அடைபடுவதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. வண்டியில் போகும்போது அப்பாவும் அம்மாவும், "அபராதத்தைக் கட்டினாலும் நமக்கு லாபந்தான்" என்று பேசிக்கொள்வதைப் பின் ஆசனத்திலுள்ள குழந்தைகள் கேட்கின்றன. விதி என்பது மதிக்கத் தக்கதல்ல, விலை கொடுத்து வாங்கத் தக்கது என்ற பாடத்தை அவை அன்று கற்கின்றன. அந்தப் பாடத்தை மறக்கடிக்க எந்த உபாத்தியாயராலும் முடியாது. நானூற்றெண்பது பவுன் மிச்சம் பிடித்து இதை வாங்குவது நல்ல வியாபாரமா?

ஆயினும் அந்தப் பெற்றோரை மட்டும் கடிந்துகொள்வது தர்மமாகாது. எல்லாப் பள்ளிக்கும் அநேகமாக ஒரே வாரத்தில் விடுமுறை விட்டுவிட்டு, விலை ஏறுகிறதே என்று ஆச்சரியப்படுவது எப்படி? பிரான்ஸில் தேசத்தை மூன்று மண்டலமாகப் பிரித்து, குளிர்கால விடுமுறை இரண்டு வாரத்தையும் மண்டலத்துக்கு மண்டலம் மாற்றி மாற்றி விடுகிறார்கள். கூட்டமும் விலையும் நாலு வாரத்தில் பரவுகின்றன. மலையூர்க்காரனுக்கும் நாலு வாரம் பிழைப்பு. ஹாலந்திலும் ஜெர்மனியிலும் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் தேதி வேறுபடும். தனி மனிதர்களைச் சிறு சிறு குற்றவாளிகளாக்குவதைக் காட்டிலும் பஞ்சாங்கத்தைத் திருத்துவது ஸர்க்காருக்கு அழகு.

அதுவரையில் நேர்மையான குடும்பம் செய்யக்கூடியது உண்டு. பிரெஞ்சு மண்டலங்களின் விடுமுறை அட்டவணையை வாங்கிப் பார்த்து, பாரிஸ் நகரத்தார் கிளம்புகிற வாரத்தை இயன்றவரை தவிர்க்கலாம். ஈஸ்டர் விடுமுறை முன்னதாக வருகிற வருஷத்தில், உயர்ந்த மலையூருக்கு அப்போது போகலாம். வெயிலும் இருக்கும், பெரும்பாலும் விலையும் இறங்கியிருக்கும். வருஷந்தோறும் போவதை விட்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சரியான முறையில் போகலாம்.

உருகும் பனி

உயர்ந்த மலையூர் என்றோம். அங்கேதான் மற்றொரு சங்கடம். ஐரோப்பாவிலுள்ள 2,234 பனிச்சறுக்கு ஸ்தலங்களை ஆராய்ந்து 2023-இல் விஞ்ஞானிகள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பூமியின் உஷ்ணம் 2 டிகிரி ஏறினால், செயற்கைப் பனியின் உதவியில்லாவிடில், அவற்றில் நூற்றுக்கு 53 ஸ்தலங்கள் பனிக்கு மிகவும் திண்டாட நேரிடும். 4 டிகிரி ஏறினால் நூற்றுக்கு 98. முதலில் பனியை இழப்பவை தாழ்ந்த மலைகளிலுள்ள சிற்றூர்கள். செலவு குறைந்தவையும் அவையே. உபாத்தியாயர், குமாஸ்தா, செவிலி முதலானோர் தங்கள் குழந்தைகளை அழைத்துப் போகக்கூடிய மலைகள் முதலில் பச்சையாகின்றன. கோடீசுவரர்கள் போகிற உச்சிகள் கடைசி வரையில் வெண்மையாக நிற்கும். பிரபுக்களிடமிருந்து ஜனங்களிடம் இறங்கி வந்த விளையாட்டு மறுபடியும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் இது விலைவாசியாகத் தெரிகிறது; உண்மையில் இது உலகத்தின் கணக்கு.

நமது தேசத்திலும் இதே கதைதான். காச்மீரத்துக் குல்மார்க்கில் 1927-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தங்களுக்கென்று ஒரு ஸ்கீச் சங்கம் நிறுவினார்கள். இன்று அதே சரிவுகளில் காச்மீரத்து இளைஞர்கள் நம்மவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். மகிழ்ச்சி அடைய வேண்டிய மாறுதல். ஆனால் 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைப் பனி போதாமையால் மார்ச்சுக்குத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. இமயமலையே கணக்கில் துண்டு விழுகிறது என்று சொன்னால், மனிதர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டாமா?

முடிவாக ஒரு யோசனை. பிரயாணத்துக்கு நாள் குறித்ததும், குடும்பத்தார் கணக்குப் புத்தகத்தைக் குழந்தைகளுக்கு மறைக்காமல் மேஜைமேல் விரித்து வைக்க வேண்டும். பெண்ணிடம் சாப்பாட்டுக் கணக்கையும் பையனிடம் கட்டுச்சோற்று ஜாபிதாவையும் ஒப்படைக்க வேண்டும். மாதம் 500 பவுன் எங்கிருந்து வருகிறது, அதற்காக எதையெதை விட்டோம் என்பது அவர்களுக்கும் தெரியட்டும். ஆறு நாள் சறுக்கு விளையாட்டை நாளடைவில் அவர்கள் மறந்தாலும் மறப்பார்கள். வீட்டில் நாலு பேருமாக உட்கார்ந்து, கடன் படாமல், பொய் சொல்லாமல், ஒரு சந்தோஷத்தைச் சம்பாதித்த விதத்தை மறக்க மாட்டார்கள். அந்த ஞாபகம் எந்த வெயிலுக்கும் உருகாது.